ஒரே மட்டம்

"எல்லாத்தையும் பிரிச்சிடுங்க. தரை ரெண்டு விரல் அளவு இறங்குது. எங்கப்பாவோட சக்கர நாற்காலி இதுல எப்படிப் போகும்?"

அண்ணன் தச்சரிடம் கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தங்கை உள்ளே நுழைந்தாள். அப்பாவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறானா என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய வீடு, பலகைத் தரை. அதைத் தாங்கும் சட்டங்கள் அந்தக் காலத்து மரம், நல்ல உயரம். பின்பக்கம் புதிதாக இழுத்த அறைக்குப் போட்டவையோ கடையில் கிடைத்த அளவு. அதனால் கதவைத் தாண்டியதும் தரை சட்டென்று இறங்கியது.

சாய்வாக ஒரு பலகை அடித்தால் சமாளிக்கலாம் என்றார் தச்சர். அண்ணன் மசியவில்லை. பழைய சட்டத்தின் உயரத்துக்கே மரம் அறுத்து வரச் சொன்னான். ரசமட்டத்தை வைத்து அவனே குனிந்து குனிந்து பார்த்தான். செலவு ஏறுகிறதே என்று அண்ணி முணுமுணுத்தாள். அப்பா விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அண்ணன் புகழ் பாடினாள். 'நீ கொஞ்ச நாள் அப்பாவை வெச்சுக்கக் கூடாதா' என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

வேலை முடிந்த அன்று மறுபடி வந்தாள். அண்ணன் நாற்காலியைத் தள்ளினான். எங்கேயும் தட்டாமல் அது வழுக்கிக்கொண்டு புது அறைக்குள் போனது.

உள்ளே அப்பாவின் கட்டில், மருந்து டப்பா, துணிமணி எல்லாம் முன்னாடியே வந்து சேர்ந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே மதில்சுவர்.

"அப்போ முன்னறை?" என்றாள் தங்கை.

தெருவைப் பார்த்தபடி அப்பா உட்கார்ந்திருக்கும் அறை அது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜன்னலோரம் நின்று அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார்கள்.

"அதை ஆபீஸ் ரூம் ஆக்கியாச்சு. பெரிய மனுஷங்க வந்து போற இடம் பாரு."

மேற்கொண்டு கேட்டால், 'அப்போ நீ கூட்டிட்டுப் போ' என்பான். தங்கை ஜன்னல் திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

அண்ணன் அப்பாவின் பக்கம் பெருமையாகக் குனிந்தான். "எப்படிப்பா, ஒரு குலுங்கலாவது இருந்துச்சா?"

அப்பா மதில்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்லப்பா. தள்ளி வெச்சதே தெரியல."