தாடையில் ஒரு கீறல்

அரச ரத்தம் பட்டால் அந்தக் கருங்கல் ஒளிரும். ஒளிராவிட்டால் இளவரசியின் தலை தப்பாது. சோதனைக்கு விரலைக் கீறி ரத்தம் எடுப்பது அரண்மனை நாவிதரின் வேலை.

"அண்ணே, அவ ராஜாவுக்குப் பொறந்தவ இல்ல," என்று முந்தின நாளே அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள் ராணி. "எப்படியாவது காப்பாத்துங்க."

"அழாதீங்கம்மா. காலைல ராஜாவுக்குச் சவரம் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

இருபது வருடமாகச் சறுக்காத கத்தி அன்று ராஜாவின் தாடையில் சறுக்கியது. ரத்தத்தை ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்து, பத்திரமாக மடியில் செருகிக்கொண்டார் நாவிதர்.

சபை கூடியது. இளவரசியின் விரலைக் கீறுவதுபோல் பாவனை செய்து, கைக்குள் ஒளித்திருந்த பஞ்சைக் கல்லின்மேல் பிழிந்தார்.

கல் ஒளிரவில்லை.

பத்தவில்லையோ என்று இன்னும் அழுத்திப் பிழிந்தார். ஒரு மினுக்குகூட இல்லை. அது யாருடைய ரத்தம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சபை மொத்தமும் இளவரசியைப் பார்த்தது. ராஜா மட்டும் தாடைக் கீறலைத் தடவியபடி நாவிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோதனைய அப்புறம் வெச்சுக்கலாம். எல்லாரும் போங்க," என்றார் மெல்ல. "நாவிதர் மட்டும் இருக்கட்டும்."