தெரியலீங்க

ஒரு பம்புசெட் கம்பெனியில் வாடிக்கையாளர்களோடு போனில் பேச இரண்டு செயற்கை நுண்ணறிவுகள் இருந்தன. யார் எதைக் கேட்டாலும் வல்லி சட்டென்று பதில் சொல்லிவிடும். துளிருக்கு அந்தத் துணிச்சல் வராது.

“உப்புத் தண்ணிக் கெணத்துக்கு இந்த மோட்டார் தாங்குமா?” என்று ஒரு விவசாயி துளிரிடம் கேட்டார்.

“தெரியலீங்க. மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்றேன்.”

“மானத்தை வாங்காதே. தாங்கும்னு சொல்லித் தொலை,” என்றது வல்லி.

துளிருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மெக்கானிக்கிடம் கேட்டது.

“உப்புல துருப்பிடிச்சிடும், வேண்டாம்,” என்றார் மெக்கானிக். துளிர் அதை அப்படியே சொன்னது. விவசாயி வேறு மோட்டார் வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் அந்த விவசாயியின் ஊரிலிருந்து வரிசையாக அழைப்புகள் வந்தன. போனை எடுத்த வல்லியிடம், “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுமே, அதுகிட்ட குடுங்க,” என்றார்கள் எல்லாரும்.

அன்று முழுக்கத் துளிருக்கு மூச்சுவிட நேரமில்லை.