நானூற்றுப் பன்னிரண்டு பச்சை

"ஒம்போதா? மொத்தமே ஒம்போதுதானா?"

தேவநாதன் சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது. முதலாளி ராஜாங்கம் சிரிக்கவில்லை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விழுப்புரத்து மே மாத வெயில், ஏசி வேறு இரண்டு நாளாக மூச்சை நிறுத்தியிருந்தது.

முதலாளிக்கு வியர்த்தால் தேவநாதனுக்குப் பொறுக்காது. ஓடிப்போய் ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கி வந்தார். மேஜைக்கடியில் குனிந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்த எதையோ பிடுங்கிவிட்டு ஃபேனைச் சொருகினார். காற்று முதலாளியின் மேல் மட்டும் படும்படி திருப்பியும் வைத்தார்.

எதிரே நின்றவள் மலர்விழி, திண்டிவனத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பயிற்சிப் பெண். மூன்று மாதப் பயிற்சி இன்றோடு முடிகிறது. வேலை நிரந்தரம் என்றால் முதலாளியின் சட்டைப் பையில் இருக்கும் கவர் அவள் கைக்கு வரும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் பழையபடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைதான்.

அந்தச் சின்னக் கம்பெனி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்கு வரும் வண்டிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருளைச் செய்து விற்கிறது. சர்வர் என்ற தனிக் கம்ப்யூட்டரில் ஓடும் அது, ஒழுங்காக டோக்கன் போடுகிறதா என்று தானாகவே சோதித்துப் பார்க்கத்தான் இந்த டெஸ்ட்டுகள். சரியென்றால் திரையில் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. தேவநாதன் எழுதிக் குவித்தவை நானூற்றுப் பன்னிரண்டு. மலர்விழி அவற்றைச் சுருக்கி ஒன்பதாக்கியிருந்தாள்.

"முகையூர் வண்டிக்கு ஒரு டெஸ்ட்டு, ஓமந்தூர் வண்டிக்கு ஒரு டெஸ்ட்டு, திருவக்கரைக்கு இன்னொண்ணு... எல்லாம் ஒண்ணேதாங்க சார், ஊரு பேரு மட்டுந்தான் மாறுது. ஊருங்களை ஒரு பட்டியலாக் குடுத்துட்டா, ஒரே டெஸ்ட்டு எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துக்கும்," என்றாள் மலர்விழி.

"கேட்டுக்கினீங்களா சார்? மூணு வருசமா நான் எழுதிக்கினு வந்ததை மேடம் மூணே மாசத்துல சுருட்டிட்டாங்களாம். ஜெராக்ஸ் கடைப் பொண்ணு நமக்குப் பாடம் எடுக்குது!"

மலர்விழி குரலை உயர்த்தவில்லை. "அங்க இருந்ததாலதாங்க சார் காப்பின்னா பாத்த உடனே தெரியுது. ஒரிஜினல்ல ஒரு கறை இருந்தா அத்தனை காப்பியிலயும் அதே கறை வரும். உங்க மொத டெஸ்ட்டுல, 'தப்பு வந்தா கண்டுக்காத, மேல போ'ன்னு ஒரு வரி இருக்குது. அது நானூத்திப் பன்னெண்டுலயும் இருக்குதுங்க."

"அது இல்லன்னா சும்மா சும்மா செவப்பு வந்து பேஜாரு பண்ணும்மா! மெட்ராஸ்ல பெரிய கம்பெனியில பதினோரு வருசம் குப்பை கொட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

குப்பை என்ற சொல் அவர் வாயில் இருந்தேதான் வந்தது.

ராஜாங்கம் கையை உயர்த்தினார். "இந்தக் கறை, காப்பி எல்லாம் எனக்குப் புரியாதுப்பா. மத்தியானம் மண்டிக்காரங்க வர்றாங்க. ஜல்தியா ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. எது தேறுதோ அது இருக்கட்டும். இன்னொண்ணைத் தூக்கிக் கடாசிடலாம்."

தேவநாதன் முதலில் தன்னுடையதை ஓட்டினார். வழக்கமாக ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும். இன்று டீ ஆறுவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் உட்கார்ந்த ராசி என்று நினைத்துக்கொண்டார். திரை முழுக்கப் பச்சை. நானூற்றுப் பன்னிரண்டும் பச்சை, ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இது டெஸ்ட்டு சார்!" என்று மேஜையைத் தட்டினார். "இப்ப மேடம் ஓட்டட்டும்."

மலர்விழி ஓட்டினாள். ஒன்பதும் சிவப்பு.

தேவநாதனுக்கு வயிறு குளிர்ந்தது. இப்படி ஒரு நாளுக்காக அவர் மூன்று மாதமாகக் காத்திருந்தார். "ஒம்போது எழுதி, ஒம்போதும் ஊத்திக்கிச்சு! இதுக்கு நீ அந்தக் கடையிலயே நின்னு பேப்பர் அடுக்கியிருக்கலாமே தாயி."

ராஜாங்கம் பாதி வெளியே எடுத்திருந்த கவரை மெல்ல மறுபடியும் பைக்குள் தள்ளினார். அதை மலர்விழி பார்த்துவிட்டாள். ஆனாலும் அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் திரைக்கு அருகில் குனிந்து, அந்தச் சிவப்பு வரிகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

"செவப்புல படிக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? செவப்புன்னா செவப்பு, அவ்ளோதான்."

அவள் கடைசி வரி வரை படித்து முடித்தாள். சட்டென்று முழங்காலிட்டு மேஜைக்கடியில் புகுந்துகொண்டாள்.

அழுகையை மறைக்கிறாள் என்று தேவநாதனுக்குப் புரிந்தது. பாவம், சின்னப் பெண். ஃபேனை ஒரு நிமிடம் அவள் பக்கம் திருப்பலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. வேண்டாம், முதலாளிக்கு வியர்க்கும்.

"வுடும்மா, வெளிய வா. அழுதா பச்சை ஆயிடுமா?" என்றார் பெருந்தன்மையாக.

மலர்விழி வெளியே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கையில் தூசி படிந்த ஒரு கறுப்பு ஒயர் இருந்தது.

"இன்னாம்மா அது?" என்றார் ராஜாங்கம்.

"சர்வரோட பிளக்குங்க சார். ஃபேன் போட்டதுல இருந்து சர்வரு ஆஃப்லதான் இருக்குது."