சிட்டுவின் தொப்பை

போன மழைக்காலத்தில், மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் கைபிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பயம் தெளியட்டும் என்று பக்கத்து நாற்காலிப் பெண் சொன்ன கதை இது. இதில் வருகிற மருமகளும் அவளேதான்.

"அக்கா, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். மருமகளின் கையில் சிட்டு. இன்னும் முதல் முட்டைகூட இடாத இளங்கோழி. அதற்குள் வயிறு பலூனாக உப்பி, சில நாளாகக் காலை அகட்டி அகட்டி வாத்து நடை நடந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டு மிச்சம் மீதியை இதுக்குப் போடுறீங்களா?"

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"வெந்நீர்ல உக்கார வச்சுப் பார்த்தேன், வீக்கம் வத்தல. முட்டை சிக்கியிருக்குமோ, நீர் கோத்திருக்குமோன்னு அலறியடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். தடவிப் பார்த்துட்டு, 'அத்தனையும் கொழுப்பும்மா. யாரோ தினமும் மூக்குப்பிடிக்கப் போடுறாங்க. நிறுத்தலைன்னா பிழைக்காது'ன்னுட்டாரு. நாங்க தீவனத்தைத் தவிர ஒண்ணும் போடுறதில்லை."

அக்காவின் பார்வை மருமகளின் தோளைத் தாண்டிப் போனது. பின்வாசல் படியில் மாமனார். முகத்துக்கு நேரே விரித்த பேப்பர் அசையவே இல்லை.

"ஆமாடி, நான்தான் போட்டேன்" என்றாள் அக்கா. "இனிமே போடல."

"வாயில்லாத ஜீவன்க்கா! உங்க வீட்டுக் குப்பைத்தொட்டின்னு நினைச்சீங்களா?"

அக்கா காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பாவம்மா அவ, விட்டுடேன்" என்றார் மாமனார், பேப்பருக்குள்ளிருந்து.

"நீங்க சும்மா இருங்க மாமா. உங்களுக்கு ஊர்ல எல்லாருமே நல்லவங்கதான்."

அன்றோடு மதிலுக்கு மேல் பேச்சும் நின்றது, பாத்திரங்கள் கைமாறுவதும் நின்றது.

மாமனார் விஷயத்தில் மட்டும் மருமகளுக்கு ஒரு பெருமை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு உப்பும் ஆகாது, இனிப்பும் ஆகாது. விடிந்ததும் எழுந்து, அவருக்கென்று தனியாக ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவாள். பிரார்த்தனை முடிக்காமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடாதவள். அதனால் ருசி பார்க்கிற பேச்சே இல்லை. அவர் கிண்ணத்தோடு காற்றாடப் பின்பக்கம் போவார். வழித்துத் துடைத்த கிண்ணம் திரும்பி வரும்.

"அமிர்தமா இருந்ததும்மா!" என்பார்.

சிட்டுவை டாக்டரிடம் காட்டிய மறுநாளிலிருந்து மாமனாருக்குப் பசி குறைந்துவிட்டது.

"வயிறு திம்முன்னு இருக்கும்மா. அப்புறம் குடிக்கிறேன்."

சிட்டுவின் வயிறு வற்ற வற்ற, மாமனாரின் கிண்ணம் நிறைந்து நிறைந்து வந்தது. சிட்டு பழையபடி வேலிக்கும் கிணற்றடிக்கும் ஓடத் தொடங்கிய நாளில், அவர் தொடாத கஞ்சி அடுப்படியில் ஆறிக் கிடந்தது.

மாமாவுக்கு மறுபடி உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று மருமகள் பயந்தாள். பிரார்த்தனையில் அவருக்காகவே அழுதாள். எழுந்து வந்து, வீணாக்குவானேன் என்று ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள்.

சுவரொட்டி ஒட்டுகிற பசை!

தொட்டிக்கு ஓடித் துப்பினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். ஜன்னல் வழியே சிட்டுவைப் பார்த்தாள். அதற்கும் அப்பால் இருந்த மதிலைப் பார்த்தாள்.

போட்டது போட்டபடி ஓடினாள்.

"அக்கா! நீங்க ஒரு பருக்கைகூடப் போடல, இல்லையா?"

அக்கா சிரித்தாள்.

"நான் எங்கடி போட்டேன்? தினமும் உன் மாமனார் கோழி முன்னாடி குத்தவச்சுக் கெஞ்சுவாரு. 'சீக்கிரம் தின்னுடு தாயி. கொட்டவும் மனசு வரல. மிச்சம் வச்சா என் மருமக முகம் வாடிப்போயிடும்'னு. அதைக் காதால கேட்டவ, அந்த மனுஷன் முன்னாடியே உன்கிட்ட எப்படிடி போட்டுக்கொடுக்கிறது?"

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் பரிமாறுவதற்கு முன்னால் நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பிரார்த்தனை முடியாவிட்டாலும் பரவாயில்லை, கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.