மீதி நூற்றைம்பது மீட்டர்

"நூத்தம்பது மீட்டர்டா! நம்ம தெரு நீளம்கூட இல்ல. அதுக்குள்ள துரைக்குத் தலை சுத்திடுச்சாக்கும்!"

கணக்கு வாத்தியார் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து, எட்டிப் பார்த்து, மூடிக்கொண்டது.

டெய்லர் மூன்றாவது ஆம்லெட்டை ரொட்டிக்குள் மடித்து வாயில் வைத்தார்.

"பாரு, பாரு! நேத்து மேல நின்னுக்கிட்டு வயித்தைப் புரட்டுதுன்னான். இப்ப என்ன வெட்டு வெட்டுறான் பாரு!"

"விடு வாத்தி," என்றார் மெக்கானிக்.

மலையடிவாரத்து விடுதியில் மூவருக்கும் ஒரே அறை. ஹீட்டர் மேல் மூன்று ஜோடி ஈரக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஐந்து வருடமாக முதுகில் மணல் மூட்டையோடு மாடிப்படி ஏறிப் பழகி, அக்கம்பக்கத்தில் கேலிப்பட்டு, ஒருவழியாக இந்த மலைக்கு வந்தார்கள்.

நேற்று உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், டெய்லர் பனியில் சப்பென்று உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆகாது. இறங்கலாம்."

ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள். ஒருவர் திரும்பினால் மற்றவர்களும் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டதே வாத்தியார்தான்.

"அடுத்த வருஷம் வரலாம்டா," என்றார் டெய்லர், மென்றுகொண்டே.

"அடுத்த வருஷமா? என் முழங்காலுக்கு இதுதான் கடைசி மலைன்னு டாக்டர் சொன்னது தெரியுமில்ல? நானூறு பிள்ளைங்க கையெழுத்துப் போட்ட கொடியை எந்த மூஞ்சியோட பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவேன்?"

அந்தக் கொடியைத் தைத்துக் கொடுத்தது டெய்லர். அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

"டீ வாங்கிட்டு வரேன்."

கதவு சாத்தியதும் வாத்தியார் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"தொடைநடுங்கி! இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன். அந்த நோட்டை எடு. நான் சொல்றதை எழுது."

வாத்தியாருக்கு ஒரு பழக்கம். மலையில் எங்கே நின்றாலும் நேரம், உயரம், உச்சிக்கு இன்னும் எவ்வளவு என்று நோட்டில் குறித்துவிட வேண்டும்.

"எழுது. திரும்பி வந்த காரணம், டெய்லர். கொட்டை எழுத்துல எழுது."

மெக்கானிக் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தின் அடியில் எழுதினார். எழுதி முடித்து, அதே பக்கத்தில் மேலே இருந்த வரிகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"வாத்தி, பாவம்டா அவன். நிஜமாவே மூளை கலங்கிப் போயிருக்கு. மேல நோட்டை அவன்கிட்டயா கொடுத்தே? என்ன கிறுக்கியிருக்கான்னு நீயே பாரு."

6200-ல் 6050 போனால் மீதி 1250 என்று இருந்தது. அடுத்த வரியில் அதே கணக்குக்கு மீதி 510. அதற்குக் கீழே எண்ணே இல்லை. ஒரு கோடு கோணல்மாணலாக ஓடி, பாதியில் நின்றிருந்தது.

"சாதாரணக் கழித்தல் வரல அவனுக்கு! உயரத்துல காத்து கம்மியாகி புத்தி தடுமாறினா உடனே இறக்கிடணும்னு பயிற்சியில சொன்னாங்களே. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா பொணமாத்தான் தூக்கிட்டு வந்திருப்போம்," என்றார் மெக்கானிக்.

வாத்தியார் நோட்டை வாங்கிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"மலையில இந்த நோட்டை நான் யார் கையிலயும் கொடுக்கலடா," என்றார் மெதுவாக.

டெய்லர் மூன்று டீயோடு உள்ளே வந்தார். விரித்துவைத்த பக்கத்தைப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உனக்குத் தலையே சுத்தல, இல்ல?" என்றார் வாத்தியார்.

"கயித்துல உனக்குப் பின்னாலதானே நின்னேன். நீ எழுதினதை எட்டிப் பார்த்தேன்."

"எங்கிட்டச் சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னேன். 'எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா'ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு மேல நடந்தே. அதான் உட்கார்ந்தேன்."

வாத்தியாருக்கு அது ஞாபகமே இல்லை.

"கீழ வந்தப்புறமாவது வாயைத் திறந்திருக்கலாமேடா! காலையிலேர்ந்து என்னென்ன பேசிட்டேன்!"

டெய்லர் டீயை நீட்டினார்.

"மலை ஏற முடியலன்னா எனக்கு ஒண்ணுமில்ல, எப்பவும்போல துணி தைக்கக் கொடுப்பாங்க. வாத்தியாருக்குக் கழித்தல் வரலன்னு வெளியில தெரிஞ்சா, நானூறு பிள்ளைங்க முன்னால நீ எப்படி நிப்பே?"

மெக்கானிக் தயங்கிக் கேட்டார்.

"கடைசியா எழுதினதை அடிச்சிடவா?"

"வேண்டாம். பேனாவைக் கொடு."

வாத்தியார் அந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்.

'உயிரோடு திரும்பி வந்த காரணம், டெய்லர்.'