இடி விழுந்த டிவி

"இந்தப் பெட்டியை மாட்டிட்டா இனிமே இடி இடிச்சா ப்ளக்கைப் பிடுங்கவே வேண்டாமா, மாப்பிள்ளை?"

"ரொம்பப் பக்கத்துல இடிச்சா பிடுங்கறதுதான் நல்லது, மாமா. மத்தபடி ஒயர்ல அதிகமா வர்ற கரண்டை இது எர்த்துக்குத் தள்ளிவிட்டுடும்."

ஸ்டூல் மேல் நின்று மெயின் போர்டைத் திறந்துகொண்டிருந்தார் மருமகன். டிவி மெக்கானிக். இந்த வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்ததே டிவி ரிப்பேருக்குத்தான்.

பெரியவருக்கு அரை மனதுதான். வானம் லேசாக உறுமினாலே எல்லா ப்ளக்கையும் பிடுங்குகிற ஆள் அவர். முப்பது வருடப் பழக்கம் ஒரு பெட்டிக்காகப் போய்விடுமா?

"எல்லாம் பட்ட பாடு, மாப்பிள்ளை. முதல் தடவை டிவி போனது நிஜமாவே இடியில. சரி. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு தடவை, ஆன்டெனா ஒயரைக் கழற்ற நான் மறந்துட்டேன். காலைல பார்த்தா ஒயர் டிவியிலேயே இருக்கு, டிவி போச்சு. உங்க அத்தைக்கு அந்த டிவின்னா உயிர். பாவம், ஒரு வார்த்தை திட்டலை. எனக்குத்தான் மனசு கேக்கல. ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம் பாத்திரமெல்லாம் நானே கழுவினேன். அவ போயி நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது."

ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் ஏதாவது வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவாள். இன்று அடக்க முடியவில்லை.

"நீங்க மறக்கலைப்பா."

"என்ன?"

"நீங்க ஒழுங்காத்தான் கழற்றி வெச்சீங்க. நான்தான் திரும்ப மாட்டினேன். ரெண்டு தடவையும்."

"எதுக்கும்மா?"

அவள் ஸ்டூல் பக்கம் பார்த்தாள். ஐம்பது வயதிலும் முகம் சிவந்தது. "டிவி கெட்டாத்தானே இவர் வருவார்?"

ஸ்டூல் ஆடியது. மருமகன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி!" என்றார் பெரியவர். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. "அப்போ நான் கழுவின பாத்திரமெல்லாம்?"

"மன்னிச்சுக்கோங்கப்பா. அம்மாகிட்டயும் சொல்லாமயே விட்டுட்டேன். ஆசை ஆசையா பார்ப்பா, எவ்வளவு தவிச்சிருப்பா!" அவளுக்குக் கண் கலங்கியது.

பேச்சை மாற்ற மருமகன் கீழே இறங்கினார். "இந்த ஸ்க்ரூ ரொம்பச் சின்னது. என்கிட்ட இருக்கிறது சேரலை. வீட்டுல சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"அம்மாவோட தையல் மெஷின்ல இருக்கும்."

அம்மா போன பிறகு யாரும் திறக்காத டிராயர். இழுத்ததும் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. அம்மாவே பக்கத்தில் வந்து நின்றது போலிருந்தது அவளுக்கு. நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதில் ஸ்க்ரூடிரைவர். அதோடு, துணித் துண்டில் சுற்றிய இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள்.

"இது என்னங்க?"

மருமகன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஃப்யூஸ். உங்க பழைய டிவியோடது. கரண்ட் அதிகமா வந்திருந்தா உள்ளே இருக்கிற கம்பி எரிஞ்சிருக்கும். ரெண்டுலயும் முழுசா இருக்கு."

"அப்படின்னா?"

"அந்த ரெண்டு தடவையும் டிவியில இடியே விழலை. பின்மூடியைத் திறந்தா ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலி. முதல் தடவை நான் ஃப்யூஸ் மாத்தினப்போ நீ பார்த்துட்டுதானே நின்னே? அதனால நீதான் எடுத்திருக்கேன்னு நெனச்சேன். அந்தச் சந்தோஷத்துல முப்பது வருஷமா வாயைத் திறக்கலை."

"எனக்கு டிவியைத் திறக்கவே தெரியாதுங்க! அன்னிக்கு நான் உங்களைத்தான் பார்த்தேன். ஃப்யூஸைப் பார்த்துட்டு நின்னது அம்மா."

வெளியே இடி இடித்தது. பெரியவர் எந்த ப்ளக்கையும் பிடுங்க ஓடவில்லை. அந்த ஸ்க்ரூடிரைவரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

"நான் பாத்திரம் தேய்க்கறப்போ பக்கத்துலயே நின்னு, 'அடி பிடிச்சிருக்கு, இன்னும் அழுத்தித் தேய்ங்க'ன்னு சொன்னாளே, மகராசி!"