டம்மி டேட்டா

ஒரு கம்பெனியின், பெயரில்லாமல் எண்கள் மட்டும் உள்ள ஊழியர் பட்டியலையும் அவர்களுடைய மெடிக்கல் இன்சூரன்ஸ் பட்டியலையும் கிளவுடில் இணைத்துக்கொண்டிருந்தாள் நிஷா. ஓரிடத்தில் இடித்தது. அந்தக் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் இருந்த செம்பியனுக்கு போன் போட்டாள்.

“ஒருத்தருக்குக் குழந்தையே கிடையாது. ஆனா இன்சூரன்ஸ்ல மகிழன்னு நாலு வயசுப் பையன் வர்றானே?”

செம்பியன் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சிரித்தான். “டெஸ்ட்டுக்குப் போட்ட டம்மிம்மா அது. அழிச்சிடு.”

அழிக்கப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று கிளெய்ம் பக்கத்தைத் திறந்தாள்.

போன வாரம் அந்த டம்மிக்கு டெங்கு ஜுரம். அடையாறு ஆஸ்பத்திரியில் மூன்று நாள். கூட இருந்தவர்: அப்பா, செம்பியன்.

ஆபீசில் தலைக்கு மேல் வேலை என்று அந்த மூன்று நாளும் வீட்டுக்கே வராத கணவனை மறுபடி கூப்பிட்டாள் நிஷா.

“டம்மியை அழிச்சிட்டேங்க. மனைவிங்கற இடத்துல இருந்துச்சு.”